மருந்து போட்டாச்சு

பொதுவாகக் குற்றவாளியைப் பார்க்கப் போனால் முறைப்பான், இல்லாவிட்டால் அழுவான். கொஞ்சம் விவரமானவன் என்றால் வக்கீல் எங்கே என்பான். இந்த ஆள் மூன்றில் எதையும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தார். ஒடிசலான உடம்பு. வலது கை மட்டும் யாரோ பயில்வானிடம் இரவல் வாங்கி ஒட்ட வைத்தது போல் தோள் வரை வீங்கிச் சிவந்திருந்தது. வாசலில் ஒரு ஏட்டு நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். இந்தக் கையோடு இவர் எங்கே ஓடிவிடப் போகிறார் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்.

கட்டிலருகே நின்றவரைத் தெருவில் எல்லோரும் 'துப்பு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். துப்புத் துலக்கும் தொழிலால் வந்த பெயர். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவி மட்டும் போகிற நாள் வரை 'துப்பு கெட்ட மனுஷன்' என்றே சொல்லிவந்தாள். தெரு சொன்னது சரியா, மனைவி சொன்னது சரியா என்று அவருக்கே இன்னும் பிடிபடவில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற உதவியாளரின் பெயர் சரவெடி. பற்ற வைக்கத் தீப்பெட்டியே தேவைப்படாத ரகம்.

"டாக்டர், இவர் எப்போ பேசுவாரு?" என்றார் துப்பு சார்.

"கை இருக்குமா போகுமான்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீங்க பேச்சைக் கேக்கறீங்க" என்றாள் டாக்டர். இளவயதுக்காரிதான். தூங்கி நாளாகிவிட்ட முகம். "செத்த மீனை அள்ளறப்போ முள்ளு குத்தியிருக்கு. தண்ணியில இருந்த ஏதோ கிருமி உள்ள போயிடுச்சு. சுகாதார நிலையத்துல கேப்சூல் குடுத்திருக்காங்க. அது கேக்கல. நான் வேற மருந்தை ஊசியில ஏத்தறேன். அதுவும் கேக்க மாட்டேங்குது."

"சொன்ன பேச்சைக் கேக்காத கிருமியா? எங்க அண்ணனுக்கு ஒண்ணுவிட்ட சொந்தமா இருக்கும்" என்றாள் சரவெடி.

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்த மருந்துக்கு அடங்கும்னு சோதனைக்கு அனுப்பியிருக்கு. பதில் வர்ற வரைக்கும் கை தாங்காது. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கையை எடுத்துட்டு ஆளையாவது காப்பாத்தணும்."

"வீட்டு மனுஷங்க?"

"ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. ஆனா காய்ச்சல்ல, 'அவங்களுக்குப் பசிக்கும், அவங்களுக்குப் பசிக்கும்'னு ஒரே புலம்பல். குடும்பம் எங்கயோ இருக்குன்னு நெனச்சு விசாரிக்கச் சொன்னேன். அப்படி யாரும் இல்லையாம்."

துப்பு சார் கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் பழம், பிளாஸ்க், யாரோ மடித்து வைத்த போர்வை. இங்கே ஒரு தண்ணீர்ப் புட்டி மட்டும் இருந்தது. அதுவும் ஆஸ்பத்திரியுடையது. அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் தன் தலைமாட்டிலும் இதேதான் இருக்கும் என்று நினைத்தார். நினைத்ததும் வேகமாக வெளியே நடந்தார்.

வண்டியைச் சரவெடிதான் ஓட்டினாள். ஓட்டினாள் என்பதைவிட, பேசிக்கொண்டே போனாள், வண்டியும் கூடவே வந்தது என்று சொல்லலாம்.

"கதை சுலபம் சார். மீன் பண்ணை. மூணு குளம். நம்ம கட்டில்காரர் அங்க காவலாளி, மீனுக்குத் தீனி போடறதும் அவர்தான். ஒண்ணாம் குளத்து மீன் மொத்தமும் ராத்திரியோட ராத்திரியா செத்து மிதந்துடுச்சு. முந்தின நாள் பொழுது சாயறப்போ இவர் கரையில நின்னு போன்ல யார்கிட்டயோ, 'மருந்து போட்டாச்சு'ன்னு சொன்னதைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் கேட்டிருக்காரு. போலீஸ்காரங்க பிடிக்கப் போனா இவர் காய்ச்சல்ல சுருண்டு கிடக்கறாரு. அந்தப் பக்கம் பேசினது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் முதலாளி நம்மளைக் கூப்பிட்டிருக்காரு. தன் மச்சானாத்தான் இருக்கும்னு அடிச்சுச் சொல்றாரு."

"மச்சான் ஏன்?"

"கூட்டா நடத்தி, சண்டை போட்டுப் பிரிஞ்சு, எதிர்லயே இன்னொரு பண்ணை வச்சிருக்காரு. மச்சான்னா அப்படித்தானே சார்?"

"ஆனா காவலாளி போன்லேர்ந்து அன்னிக்குச் சாயங்காலம் ஒரு அழைப்பும் போகல. வரவும் இல்ல."

"ரெண்டாவது போன் ஒளிச்சு வச்சிருக்கார்னு போலீஸ் தேடுது. குளத்துல கூட வலை வீசிப் பார்த்தாங்களாம். செத்த மீனுதான் வந்துச்சு."

பண்ணை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. 'மருந்து தொடாத மீன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் சிரிக்கும் மீன் ஒன்றும் வரைந்திருந்தார்கள். ஒண்ணாம் குளத்துக் கரையில் சுண்ணாம்பு தூவி, செத்த மீன்களைக் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. துப்பு சார் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். பல மீன்களின் விலாவில் சிவப்பாகப் புண். சில புண்கள் பழையவை, ஓரம் வெளுத்துப் போனவை.

"சரவெடி, விஷம் குடிச்சவனுக்கு முந்தின வாரமே புண்ணு வருமா?"

"விஷத்துக்கு அவசரமோ என்னவோ" என்றாள். ஆனால் அவளும் குனிந்து பார்த்தாள்.

கோழிப்பண்ணைக்காரர் வேலி ஓரத்திலேயே காத்திருந்தார். சாட்சி சொல்லச் சொல்ல அவருக்கு ருசி கண்டுவிட்டது போலிருக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கரைக்கு அந்தப் பக்கம் நான். இந்தப் பக்கம் அவன். ஆளைப் பார்க்கல, குரல் மட்டும்தான். ஆனா ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு சார். 'மருந்து போட்டாச்சு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நிம்மதியா தூங்குங்க. காலைல எல்லாம் சரியாயிடும்.' அவ்வளவுதான்."

"போன்லதான் பேசினார்னு எப்படிச் சொல்றீங்க?"

"என்ன சார் கேள்வி இது? பதில் குரல் இல்ல. கரையில வேற ஆள் இல்ல. அப்போ போன்தானே? அதுவும் பெரிய இடத்துப் போன். 'நீங்க, தூங்குங்க'ன்னு எவ்வளவு மரியாதை! என்கிட்ட ஒரு நாளாவது அப்படிப் பேசியிருப்பானா? என்கிட்ட அவன் பேசினதே இல்ல."

"நீங்க பேசியிருக்கீங்களா?"

கோழிப்பண்ணைக்காரர் யோசித்தார். "இத்தனை வருஷமா பக்கத்துலதான் இருக்கோம். பேசறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

சரவெடியைக் கரையைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, துப்பு சார் காவலாளியின் அறைக்குள் போனார். அறை என்று மரியாதைக்குச் சொல்லலாம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தகரம். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. விருந்தாளி வந்தால் உட்காரவும் இடமில்லை, குடிக்கவும் பாத்திரமில்லை. விருந்தாளி என்று ஒருவர் வரமாட்டார் என்பது ரொம்ப நாளைக்கு முன்னாலேயே முடிவாகிவிட்ட வீடு அது. நாற்காலி சன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே குளம்.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போலீஸ் ஏற்கெனவே புரட்டிப் போட்டிருந்த துணிமணிகளைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. சுவரில், சன்னலுக்கு மேலே, இரண்டு பல்லிகள் அசையாமல் அவரையே பார்த்தன.

"நீங்கதான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க" என்றார் துப்பு சார். "யார்கிட்ட பேசினாருன்னு சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? ஒரு மனுஷனோட கை போகப் போகுது. கொஞ்சம் சொல்லுங்களேன்."

வெளியே சரவெடியின் குரல் கேட்டது. யாரையோ தடுத்துக்கொண்டிருந்தாள். "இருங்க, இருங்க, உள்ள போகாதீங்க. சார் யார்கிட்டயோ போன் பேசிக்கிட்டு இருக்காரு. பெரிய ஆளு போல, மரியாதை தூள் பறக்குது."

துப்பு சார் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். "யாரு சார் போன்ல?"

"போன் வண்டியில சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு."

"அப்போ யார்கிட்ட 'நீங்க, சொல்லுங்க'ன்னு..."

அவர் கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் பிள்ளையின் முன்னால் இப்படி மாட்டிக்கொள்வோம் என்று அவர் நினைத்ததில்லை.

"பல்லிகிட்டயா?" சரவெடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பல்லிக்கு 'நீங்க' போட்டுப் பேசின முதல் ஆள் நீங்கதான் சார்! அவ்வளவு மரியாதை எதுக்கு?"

"மரியாதை இல்லம்மா. ரெண்டு பல்லி" என்றார் அவர். "ஒண்ணுன்னா 'நீ'. ரெண்டுன்னா 'நீங்க'தானே?"

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே இரண்டாம் குளத்தின் கரையோரமாக யாரோ நடந்து போக, அந்தக் காலடிச் சத்தத்துக்கே மீன்கள் கூட்டமாக ஓரத்துக்கு வந்து வாயைப் பிளந்து நின்றன.

"சார்" என்றாள் மெதுவாக. "'நீங்க கவலைப்படாதீங்க, நிம்மதியா தூங்குங்க'..."

"ஒரு பெரிய மனுஷன்கிட்ட சொல்லல. ஒரு குளத்துகிட்ட சொல்லியிருக்காரு."

"'அவங்களுக்குப் பசிக்கும்'னு புலம்பினது?"

"அதுவும் இதுங்களைத்தான். பேச வேற யாரு இருக்கா இந்த மனுஷனுக்கு? கோழிப்பண்ணைக்காரரே சொல்லிட்டாரே, பேசறதுக்கு என்ன இருக்குன்னு."

சரவெடி பல்லிகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வீட்லயும் இப்படித்தானா சார்? பல்லிகிட்ட?"

"வீட்ல பல்லி கிடையாது. ஃபிரிட்ஜ்தான்" என்றார் துப்பு சார். சொல்லிவிட்டு அவசரமாகத் தொழிலுக்குத் திரும்பினார். "செத்துப் போகப் போறவன்கிட்ட 'காலைல எல்லாம் சரியாயிடும்'னு எவன் சொல்வான்? அப்போ அந்த 'மருந்து' என்ன மருந்து? நம்ம ஊரு வாயைப் பாரு. 'மருந்து குடிச்சுட்டான்'னா போயிட்டான்னு அர்த்தம். 'மருந்து குடிச்சான்'னா பிழைச்சுப்பான்னு அர்த்தம். இவர் பிழைக்க வைக்கற மருந்தைச் சொல்லியிருக்காரு. கேட்டவர் சாகடிக்கற மருந்துன்னு எடுத்துக்கிட்டாரு."

"சரி சார், மருந்துக்கு இவர் எங்க போனாரு? இந்தப் பண்ணையில மருந்துன்னு பேச்செடுத்தாலே வேலை போயிடும்னு கரையில குழி மூடறவங்க சொன்னாங்களே. வாசல்ல பலகை வேற..." சட்டென்று அவள் சட்டைப்பையில் கையை விட்டாள். "இருங்க, இருங்க. தீனி போடற மேடைக்குக் கீழ இது கிடந்துச்சு. ஏதோ அறுந்த மணின்னு நெனச்சு எடுத்து வச்சேன்."

அவள் உள்ளங்கையில் சின்னச் சின்னதாக, பச்சை நிறத்தில் சிலதும் வெள்ளை நிறத்தில் சிலதும் இருந்தன. விரல் நுனிக்குப் போடும் தொப்பி போல, உள்ளே ஒன்றுமில்லாத ஓடுகள்.

துப்பு சார் ஒரு பச்சையை எடுத்து ஒரு வெள்ளையோடு செருகினார். முழு கேப்சூல் ஆயிற்று.

"சரவெடி, நீ கேப்சூல் முழுங்கினா ஓட்டை என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது, அதையும் சேர்த்துத்தானே முழுங்கு..." அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயையோ. இவர் முழுங்கவே இல்ல!"

"பிரிச்சு, கொட்டி, குளத்துல கரைச்சிருக்காரு. தன் கைக்குக் குடுத்த மருந்தை."

அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "பைத்தியக்கார மனுஷன்" என்றாள். "அவ்வளவு பெரிய குளத்துக்கு இது எந்த மூலைக்கு சார்?"

"போனை எடு. டாக்டரைக் கூப்பிடு. ஓடு."

இரண்டு பேருமாக வண்டிக்கு ஓடினார்கள். டாக்டர் எடுத்ததும் துப்பு சார் சுற்றி வளைக்கவில்லை. சுகாதார நிலையத்தில் கொடுத்த கேப்சூல் பச்சையும் வெள்ளையுமா என்று கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. அதில் ஒன்றுகூடக் காவலாளியின் தொண்டைக்குள் இறங்கவில்லை என்று சொன்னார்.

மறுமுனையில் டாக்டர் படபடவென்று பேசினாள். "அப்போ அது தோத்துப் போன மருந்து இல்ல! தோத்துடுச்சுன்னு நெனச்சுத்தானே நான் வேறொண்ணுக்குப் போனேன். ஆனா ஒண்ணு சார், குத்தின முள்ளு குளத்து மீனோடது. அந்தக் குளத்துத் தீனியில இதே கேப்சூல் மருந்து கலந்திருந்தா, கிருமி அதுக்கும் பழகியிருக்கும். மறுபடியும் தப்பான மருந்தை ஏத்திப் பார்க்க எனக்கு நேரம் கிடையாது. தீனியில ஏதாவது கலந்தாங்களா, கலந்தா எதைன்னு தெரிஞ்சாகணும்."

"பண்ணை வாசல்ல மருந்தே தொட மாட்டோம்னு பலகை வச்சிருக்காங்க, டாக்டர்."

"பலகையை நம்பி என்னால ஊசி போட முடியாது. கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

முதலாளி அப்போதுதான் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கசங்கிய முகம். "கண்டுபிடிச்சுட்டீங்களாமே? மச்சான்தானே? எனக்குத் தெரியும்" என்றபடியே வந்தார்.

துப்பு சார் போனைச் சட்டைப்பையில் அப்படியே போட்டுக்கொண்டார். "உங்க மச்சானுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்போ இவனே விஷம் வச்சானா? நன்றி கெட்டவன்! எத்தனை வருஷம் சோறு போட்டேன்!"

"விஷமும் இல்ல. உங்க மீனுக்குப் புண்ணு வந்து தினம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருந்துச்சு. அது உங்களுக்கும் தெரியும். அப்படிச் செத்ததை அள்ளறப்போதான் அவர் கையில முள்ளு குத்துச்சு. கடைசியில மொத்தமா போயிடுச்சு. அந்த மனுஷன் பார்க்கப் பொறுக்காம, உங்களுக்குத் தெரியாம குளத்துல மருந்து போட்டிருக்காரு. அவ்வளவுதான் குற்றம்."

முதலாளியின் மூளைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"என்னது! அவனுமா மருந்து போட்டான்?"

குழி மூடும் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

சரவெடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "சார், அந்த 'உம்' உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"'அவனா மருந்து போட்டான்'னு கேட்டிருந்தா பேசாம வீட்டுக்குப் போயிருப்போம். 'அவனுமா'ன்னுட்டீங்களே. அப்போ முன்னாடியே போட்ட இன்னொரு ஆள் யாரு?"

முதலாளி சிரிக்கப் பார்த்தார். "பேச்சுவாக்குல வந்துடுச்சு. வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு..."

"நான் வார்த்தையைப் பிடிச்சுத்தான் பிழைக்கிறேன்" என்றார் துப்பு சார். அவர் குரல் உயரவில்லை. "இதைக் கேளுங்க. சாயங்காலத்துக்குள்ள அந்தக் காவலாளி கையை வெட்டப் போறாங்க. உங்க மூணு குளத்துக்கும் தீனி போட்ட கை. தீனியில என்ன கலந்தீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்தக் கை மிஞ்சலாம். சொல்லாம இருந்தா பலகை மிஞ்சும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளி பலகைப் பக்கம் பார்த்தார். நெற்றியைத் துடைத்தார். பிறகு கரையிலேயே, வெள்ளைச் சட்டையோடு, மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல் தடவை விட்ட குஞ்சு அத்தனையும் செத்துப் போச்சு சார். ஒண்ணுகூட மிஞ்சல. நான் அழுத அழுகை என் பொண்டாட்டிக்குத்தான் தெரியும். மறுபடியும் அப்படி ஆகக் கூடாதுன்னு பயந்துட்டேன். அதான், நோய் வர்றதுக்கு முன்னாடியே, தினமும், தீனியில கொஞ்சம் கொஞ்சம்... மூட்டையில சத்துப் பொடின்னுதான் போட்டிருக்கும். அவனுக்குத் தெரியாது. சத்துன்னு நெனச்சுத்தான் வாரி வாரிப் போட்டான்."

"பேரு? மருந்தோட பேரு?"

சொன்னார். ரயில் வண்டி போல நீண்ட பெயர். துப்பு சாரின் சட்டைப்பைக்குள்ளிருந்து டாக்டரின் குரல் வெடித்தது. "அதேதான்! அதைத்தான் நான் ஊசியில ஏத்திக்கிட்டு இருக்கேன்! வேற ஏதாவது கலந்தீங்களா? கேப்சூல்ல இருந்தது?" டாக்டர் அதன் பெயரையும் சொன்னாள்.

பேசும் சட்டைப்பையை முதலாளி திகைத்துப் பார்த்தார். "இல்லம்மா. என் பிள்ளைங்க மேல சத்தியமா அது இல்ல. இது ஒண்ணுதான்."

லைன் துண்டிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ ஓடிக்கொண்டிருப்பார்கள்.

"ஆனா எனக்கு ஒண்ணு புரியல" என்றார் முதலாளி. "தினமும் மருந்து சாப்பிட்ட மீனுக்கு எப்படி நோய் வந்துச்சு?"

"எங்க அக்காவுக்கு ஒரு மாமியார் இருக்காங்க" என்றாள் சரவெடி. "காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா திட்டிக்கிட்டே இருப்பாங்க. அக்கா பழகிட்டா. இப்போ வீடே இடியற மாதிரி கத்தினாலும் அவ பாட்டுக்குப் பாத்திரம் கழுவறா. உங்க கிருமியும் அந்த மருமக மாதிரிதான். தினம் கொஞ்சம் போட்டுப் போட்டுப் பழக்கி விட்டுட்டீங்க. நிஜமாவே அதட்டணும்னு வந்தப்போ அது காதுல வாங்கல. மீனு உடம்புலயும் வாங்கல, அந்தண்ணன் உடம்புலயும் வாங்கல."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் பொறுத்து, கெஞ்சும் குரலில் கேட்டார். "போலீஸ்ல அவன் மேல தப்பில்லைன்னு நானே சொல்லிடறேன். தீனி விஷயத்தை மட்டும் நமக்குள்ள வச்சுக்கலாமா? மத்த ரெண்டு குளமும் நல்லாத்தான் இருக்கு. பிடிச்சு அனுப்பறதுக்கு ஆள் சொல்லியாச்சு."

துப்பு சார் இரண்டாம் குளத்தைப் பார்த்தார். பேச்சுக் குரல் கேட்டு மீன்கள் மறுபடியும் ஓரத்துக்கு வந்திருந்தன. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, வாய் திறந்து, யாரையோ எதிர்பார்த்து நின்றன. தீனிக்குத்தான். ஆனால் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தாங்கள் எதிர்பார்த்த ஆள் அவர் இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு திரும்பிப் போவது போல்தான் இருந்தது.

சொன்னால் இவற்றுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் இதே மீன் எத்தனை வீட்டுச் சமையலறைக்குப் போகும், இதே முள் எத்தனை பேர் கையில் குத்தும் என்பதும் தெரியும்.

"மீன்வளத்துறை அதிகாரிகிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றார். "நானே சொல்றேன்."

சில நாட்கள் கழித்து அவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் ஏட்டு இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. கட்டிலில் காவலாளி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடிந்து, கை அவருடைய கையாகவே ஆகியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரவெடி ஒரு பை நிறையப் பழம் வாங்கி வந்து தலைமாட்டில் அடுக்கினாள். பக்கத்துக் கட்டில்காரரைவிடக் கூடுதலாகவே அடுக்கினாள்.

"அண்ணே, இனிமே கேப்சூல் குடுத்தா நீங்களே முழுங்கணும். குளத்துக்குத் தனியா சீட்டு எழுதி வாங்கிக்கலாம்" என்றாள்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார். மனிதர்களிடம் பேசிப் பழக்கமில்லாத குரல், வார்த்தைக்கு வார்த்தை தயங்கி வந்தது. "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க சார். ராத்திரியெல்லாம் மேல வந்து வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாங்க. பார்த்துக்கிட்டு எப்படி நான் மட்டும் முழுங்கறது?" பிறகு கேட்டார். "ஒண்ணாம் குளம் போயிடுச்சுன்னு ஏட்டு சொன்னாரு. மத்த ரெண்டு குளத்துல இருக்கறவங்க நல்லா இருக்காங்களா? தீனி யாரு போடறாங்க?"

சரவெடி துப்பு சாரைப் பார்த்தாள். இவர் ஏதாவது பொய் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது அவள் பார்வை.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "யாரும் போடலைங்க. ரெண்டு குளத்தையும் இறைச்சு, எல்லாத்தையும் குழியில போட்டு மூடிட்டாங்க. அந்தத் தீனி தின்ன மீனை யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அதிகாரி சொல்லிட்டாரு. அதிகாரிகிட்ட சொன்னது நான்தான்."

காவலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் துப்பு சாருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையைத் தூக்கி, அது யாருடையதோ என்பது போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உயிரோட இருந்தவங்களையுமா?" என்றார்.

"உயிரோட இருந்ததையும்தான்."

"டாக்டரம்மா சொன்னாங்க. நீங்கதான் ஓடி அலைஞ்சு இந்தக் கையைக் காப்பாத்துனீங்களாமே." கையை மெதுவாகப் போர்வையின் மேல் வைத்தார். "இதை வச்சுக்கிட்டு இனிமே நான் யாருக்கு சார் தீனி போடுவேன்?"

சரவெடி அடுக்கிய பழங்களையே மறுபடி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காவலாளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும் வரை, அந்த முதுகைப் பார்த்தபடி, துப்பு சார் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.